ஆற்றோர லயத்தில் ஆரஞ்சு சோடா

கேள்வி கேட்டுப் பிழைப்பது எவ்வளவு சிரமமான தொழில் என்பது, கேள்வித்தாளும் கையுமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். முதலில் நாய் வரும். பிறகு உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். "பேங்க்கிலிருந்து" என்று சொன்னால் போதும், குரல் அடங்கிவிடும், கதவும் பாதி சாத்திக்கொள்ளும். நீங்களும் எங்காவது இப்படி நின்றிருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எண்பதுகளின் நடுவில் நான் கோலா சிலாங்கூரில் ஒரு பேங்க்கில் வேலை பார்த்தேன். முகப்பில் உட்கார்ந்து பணம் எண்ணுகிற வேலை இல்லை. அந்தச் சமயத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு புதுப் பேச்சைக் கிளப்பியிருந்தார்கள். கடன் கொடுத்தோம், வட்டி வாங்கினோம் என்று ஒரு பேங்க் இருந்துவிடக் கூடாதாம். அந்தப் பணம் போய் விழுகிற ஊரில் மண்ணும் தண்ணீரும் மனிதர்களும் எப்படி இருக்கிறார்கள் என்பதற்கும் பேங்க் பொறுப்பாம். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லியோங் இதையெல்லாம் வரவழைத்துப் படிக்கிறவர். கோலாலம்பூர் தலைமையகத்தை நச்சரித்து, சோதனைக்காக ஓர் ஆய்வுப் பிரிவு ஆரம்பிக்க அனுமதியும் வாங்கிவிட்டார். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளும்தான் பிரிவு. மற்ற கிளைக்காரர்கள் எங்களை 'மனசாட்சி டிபார்ட்மெண்ட்' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

எங்களிடம் வந்த முதல் பெரிய விஷயம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. ஆற்றோரத்தில் இருந்த அந்த ஆலை, இன்னொரு மடங்கு பெரிதாவதற்குக் கடன் கேட்டிருந்தது. ஆலைக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், ஒரு தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே இருக்கிறவர்களுக்கு இந்த ஆலையால் நல்லதா கெட்டதா என்று நான் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் லியோங் தலைமையகத்துக்குச் சிபாரிசு செய்வார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கையில் இதைக் கொடுத்தார் பாருங்கள், அந்த மனுஷனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அப்போது என்னவோ திட்டிக்கொண்டுதான் போனேன்.

ஆமாம், இல்லை

கேள்வித்தாள் கோலாலம்பூரிலிருந்து வந்தது. யாரோ ஒரு பண்டிதர் அதைத் தமிழாக்கியிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ஆமாம், இன்னொன்று இல்லை. ஆலைப் பக்கம் போவதற்கு முன்னால் வேறு எங்காவது போய்க் கேட்டுப் பழகிக்கொள் என்று லியோங் சொன்னதால், கெர்லிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். மோட்டாரில் அவ்வளவு தூரம் போனதில் இடுப்பு கழன்றுவிட்டது.

பால் எடை போட்டுவிட்டு வந்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் முனியாண்டி அண்ணன். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கள் வட்டாரத்தில் நிதியுதவி பெற்ற தொழில் நிறுவனத்தின் இருப்பால் தங்கள் வாழ்க்கைத் தரம் மேம்பாடு கண்டுள்ளதா?" என்று வாசித்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவியும் வந்து நின்று கேட்டுவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டார். முனியாண்டி அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. பாவம், படித்த பிள்ளை, எங்கேயோ போய் மாட்டிக்கொண்டுவிட்டது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். தாளும் பேனாவுமாக வருகிற பெண் என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் டீச்சரம்மாதான்.

"டீச்சரம்மா, அது ஆமாவா இல்லையான்னு நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க, எனக்கு மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்."

செகிஞ்சானில் நான் பதில் சொன்னது

அடுத்து செகிஞ்சான். அங்கே ஆ ஹோக் என்கிற நெல் விவசாயி எங்கள் கடனில் உழவு இயந்திரம் வாங்கியிருந்தார். கெர்லிங்கில் பட்டுவிட்டதால் இந்தத் தடவை தாளைப் பைக்குள் வைத்துவிட்டு, மலாயில் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். அது அதைவிட மோசமாகப் போனது. மனுஷர் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? பெட்ரோல் யார் போடுகிறார்கள்? பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பியிருக்கிறார்களே, மழை வந்தால் எங்கே ஒதுங்குவாய்? ஒவ்வொன்றுக்கும் நான் பள்ளிப்பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கேள்விகளில் பாதியைக்கூடக் கேட்கவில்லை.

கிளம்பும்போது ஒரு பை மாம்பழமும் காய்ந்த இறாலும் கொண்டுவந்து மோட்டார் பின்னால் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். பேங்க்காரர்கள் ஒன்றும் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்லிப் பார்த்தேன். கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். அவர் மலாயில் சொன்னதை, பணம் என்கிற டுயிட்டை மட்டும் அப்படியே விட்டு, நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"டுயிட் கேட்க வர்ற பேங்க்காரனப் பார்த்திருக்கேன், நல்லா இருக்கியான்னு கேட்க வர்ற பேங்க்காரிய இப்பத்தான் லா பார்க்கறேன்."

வயிறு முட்ட ஆரஞ்சு

இந்தத் தைரியத்தில் ஆற்றோர லயத்துக்குப் போனேன். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால், என்னைக் கூட்டிக்கொண்டு போக மண்டோர் பெருமாள் தயாராக நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். வேலை வாங்குகிற மனுஷர் இப்படி முன்னால் போய் நின்றால் யார் என்ன பேசுவார்கள் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

முதல் வீடு லெட்சுமி அக்காவுடையது. தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். கணவர் ராமு, ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. நான்கு வயது மகள் கமலா, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் உட்காருவதற்குள் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸில் ஆரஞ்சு சோடா வந்துவிட்டது. பக்கத்துத் தட்டில் பிஸ்கட். ஆலையால் நல்லதா என்று கேட்டேன். ஆமா என்றார். தண்ணீர், காற்று எல்லாம் பரவாயில்லையா என்றேன். வாசற்படியில் நின்ற மண்டோரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கும் ஆமா என்றார்.

அடுத்த வீட்டிலும் ஆமா. அங்கேயும் ஆரஞ்சு சோடா. அதற்கடுத்த வீட்டில் நான் பைக்குள்ளிருந்து தாளை எடுப்பதற்கு முன்னாலேயே போத்தலைத் திறந்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது, குடித்தால் வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மட்டும்தான் சோடா வாங்குவார்கள். இந்தச் சனங்கள் முன்பின் தெரியாத என்னை இப்படித் தாங்குகிறார்களே என்று மனசு குளிர்ந்துபோயிற்று. லயத்தின் கடைசி வீட்டுக்கு வந்தபோது கேள்விக்கு நடுவே ஏப்பம் வந்தது. மோட்டாரை எடுக்கப் போனவளை லெட்சுமி அக்கா மறுபடி கூப்பிட்டு இன்னொரு கிளாஸை நீட்டினார்.

"குடிச்சிட்டுப் போங்க டீச்சரம்மா, வெயில்ல அலையிறீங்க, உங்க கேள்வி எங்கயும் ஓடிப்போயிடாது."

கல்சோமுக்கு வந்த ஆசை

மறுநாள் ஆபீஸில் நான்தான் கதாநாயகி. எல்லாக் கட்டத்திலும் ஆமாம். லியோங் தாள்களைப் புரட்டிக்கொண்டே, ஏன் சோர்வாக இருக்கிறாய் என்று கேட்டார். சோடாக் கதையைச் சொன்னேன். அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. டீயில்கூடச் சர்க்கரை போட மாட்டார். அதனால் கொஞ்சம் பொறாமையோடுதான் கேட்டார். கேட்டுவிட்டு, ஆராய்ச்சிக்காரர் அல்லவா, உடனே பேனாவை எடுத்தார். வீட்டுக்கு வீடு விருந்தாளிக்குப் போத்தல் சோடா கொடுக்கிறார்கள் என்றால் அந்த லயத்தில் கையில் நாலு காசு புழங்குகிறது என்று அர்த்தம், ஆலையால் அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இதையும் அறிக்கையில் சேர்த்துவிடலாம் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆரஞ்சு சோடாவை ஒரு பொருளாதாரக் குறியீடாக ஆக்கிவிட்டோம்.

அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவள் கல்சோம், என் சிநேகிதி. சோடா வரி வந்ததும் விரலை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேள்வி கேட்கப் போன இடத்துல கல்யாண விருந்து போடறாங்கன்னா, அடுத்த தடவை என்னையும் மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போ."

காதர் நானா சொன்ன கணக்கு

ஆற்றோர லயம் இருந்த தோட்டத்து முச்சந்தியில் காதர் நானாவின் கடை இருந்தது. அரிசி, மண்ணெண்ணெய், மீன் டின், பின்பக்கம் நாலு மேசை போட்டுப் பரோட்டா. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்த குடும்பம். எங்கள் பேங்க்கில் அவருக்குச் சேமிப்புக் கணக்கு இருந்தது. வட்டி போட்டால் மட்டும் மனுஷருக்கு ஆகாது. எனக்கு வேண்டாத பணத்தை என் கணக்கில் யார் போடச் சொன்னது என்று கேட்டு, வருஷா வருஷம் அதை எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார். அவரைப் பற்றியும் ஆய்வில் எழுத வேண்டும் என்று ஒரு மத்தியானம் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு சோடா எடுக்கப் போனார். வேண்டவே வேண்டாம் நானா, ஆற்றோர லயத்தில் குடித்ததே இன்னும் ஒரு வருஷத்துக்குப் போதும் என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் காலிப் போத்தல்கள் அடுக்கியிருந்த மரப்பெட்டியைக் காட்டினார். நான் லயத்துக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் லெட்சுமி அக்காவும் இன்னும் சில பெண்களும் வந்தார்களாம். பேங்க்கிலிருந்து டீச்சரம்மா வருகிறார்கள் என்று மண்டோர் சொன்னதாகச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்களாம். நான் போன மறுநாள் காலையில் காலிப் போத்தல்களைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம். எதற்கு நானா இவ்வளவு செலவு, ஒரு வாய் கோப்பி கொடுத்திருந்தால் போதாதா என்று கேட்டேன். நானா ஒரு கணம் என்னையே பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தெரியாது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கோப்பி எதுலம்மா கலக்குவாங்க, அந்தத் தண்ணியிலயா?"

மூன்றாவது கட்டம்

அப்படியே மோட்டாரைத் திருப்பினேன். இந்தத் தடவை தோட்ட ஆபீஸில் சொல்லவில்லை, மண்டோரும் இல்லை. லயத்துப் பொதுக்குழாயில் பெண்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரைத்தான் தோட்டத்து பம்ப் இழுத்து அந்தக் குழாய்க்கு விட்டது. பக்கத்தில் போனபோதே வாடை அடித்தது, புளித்த கஞ்சியும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. தண்ணீர் தேயிலை நிறத்தில் வந்தது, மேலே வழவழவென்று ஒரு படலம். குடிப்பதற்குப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, காய்ச்சுவார்களாம். மழைக்காலத்தில் தகரப் பீப்பாயில் மழைத் தண்ணீர் பிடித்துக்கொள்வார்களாம். நான் போனது வெயில் காலம்.

கமலா அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டிருக்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை சொறி, மேலே நீல மருந்து தடவியிருந்தது. அந்தப் பிள்ளை கையைச் சொறியாமலிருக்க லெட்சுமி அக்கா அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டே என்னிடம் பேசினார். இந்தக் கைகளை மறைத்துவைத்துக்கொண்டுதான் எனக்கு சோடா கொடுத்திருக்கிறார்கள், நானும் குடித்து ஏப்பம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் அக்கா அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஆமா சொன்னீர்கள் என்று கேட்டேன். மண்டோர் நின்றார் என்பது ஒன்று. ஆனால் அது மட்டும் இல்லை என்றார். ஆலை வந்த பிறகுதான் ராமு அண்ணனுக்கு நிரந்தர வேலை கிடைத்ததாம். லயத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் சோறு. இல்லை என்று சொல்லி, பேங்க் பணம் தராமல், ஆலை மூடிவிட்டால் யார் வாயில் மண்? ஆமா என்று சொல்லி ஆலை பெரிதானால், கழிவும் அதே ஆற்றில்தான் வந்து விழும், அதே குழாயில்தான் வரும், பிள்ளை என்ன ஆகும்? இரண்டு பக்கமும் இடி. தாளை வாங்கி அந்த இரண்டு கட்டங்களையும் வெகு நேரம் பார்த்தார்.

"ஆலையும் வேணும், நல்ல தண்ணியும் வேணும், ரெண்டையும் சேர்த்துப் போட உங்க தாள்ல ஒரு கட்டம் இல்லையா டீச்சரம்மா?"

வாங்கிக் கட்டிக்கொண்டது

லியோங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைத் தலைமையகத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார், அதுவே பெரிய விஷயம். ஆலை மேனேஜரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் அசரவில்லை. இது சதுப்பு நிலத்து ஆறு, தண்ணீர் எப்போதும் இந்த நிறம்தான், பிள்ளைகளுக்குச் சொறி வருவது எந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார். அதுவும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது, எங்கள் பக்கத்து ஆறுகளின் நிறம் அப்படித்தான். கடைசியில், நானே போய்ப் பார்க்கிறேன் என்றார் லியோங். ஆலை மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

எனக்கு ஒரு யோசனை வந்தது, பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதல் நாளே லெட்சுமி அக்காவிடம் ஓடினேன். நாளைக்கு சோடா வாங்காதீர்கள் அக்கா, அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே ஒரு கோப்பி கலக்கி எங்கள் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள், மீதியை அந்தக் கோப்பி பார்த்துக்கொள்ளும் என்றேன். அதுவரை என்னிடம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷிக்கு வந்ததே கோபம். முகம் சிவந்துவிட்டது. பிள்ளைக்காகத்தானே சொல்கிறேன் என்று நான் இழுத்ததும், இன்னும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எங்க கஷ்டத்தக் காட்டறதுக்காக வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு அழுக்குத் தண்ணியக் குடுக்கச் சொல்றீங்களா, அந்தப் பழக்கம் இந்த லயத்துக்குக் கிடையாது."

வெறும் தண்ணீர்

மறுநாள் கார் வந்து நின்றது. லியோங், ஆலை மேனேஜர், வழிகாட்ட மண்டோர், கூடவே நான். லெட்சுமி அக்கா வீட்டில் பாய் விரித்து, இருந்த இரண்டு நாற்காலியையும் போட்டிருந்தார்கள். மேசைமேல் தட்டில் வரிசையாக ஆரஞ்சு சோடா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் எல்லாரும் சேர்ந்து போய்ப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆலை மேனேஜர் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, நான் சொல்லவில்லையா, எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்கிற தோரணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

லெட்சுமி அக்கா தட்டை லியோங் பக்கம் நீட்டினார். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, எனக்கு இனிப்பு நீர், இது ஆகாது, வெறும் தண்ணீர் ஒரு கிளாஸ் கிடைத்தால் போதும் என்று மலாயில் சொன்னார். உள்ளபடியே தாகத்தில்தான் கேட்டார். அவருடைய சர்க்கரை வியாதியை நான் எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

லெட்சுமி அக்கா தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மண்டோர் பெருமாள் அவசரமாக, தண்ணி கொண்டா லெட்சுமி என்றார். அக்கா நகரவில்லை. கதவருகே நின்ற கமலாவைப் பார்த்தார், பிறகு லியோங்கைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். அதை அப்படியே லியோங்குக்கு மலாயில் எடுத்துச் சொன்னேன்.

"சார் மன்னிச்சுக்கணும், அந்தத் தண்ணிய உங்களுக்குக் குடுக்க மாட்டேன், அத எங்க புள்ளைங்களுக்குத்தான் குடுக்கறோம்."

ஆலை மேனேஜரின் சந்தேகம்

லியோங் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்தார். கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டவர் அதைச் சட்டைப்பையில் வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, கமலாவின் முன்னால் குனிந்து, கையைக் காட்டு என்றார். அவள் காட்டினாள். ஆலை மேனேஜர் கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். மண்டோர் பெருமாள்கூட, என் பேத்திக்கும் இதேதான் சார் என்று மெல்லச் சொல்லிவிட்டார். அவரைப் பற்றி நான் மனசுக்குள் திட்டியிருந்ததை எல்லாம் அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கடன் கிடைத்தது. ஆனால் லியோங் போட்ட நிபந்தனையோடு. கழிவுத் தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் பண்ணும் குளங்களை முதலில் வெட்ட வேண்டும், லயத்துக்கு டவுன் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஆலையைப் பெரிதாக்கப் பணம். தலைமையகத்தில் லேசில் விடவில்லை. எங்கள் மனசாட்சி டிபார்ட்மெண்டை மூடிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. லியோங் தன் பதவி உயர்வைப் பணயம் வைத்துத்தான் நின்றார் என்று கல்சோம் பிறகு சொன்னாள். அவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. கையெழுத்துப் போட வந்த ஆலை மேனேஜர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு என்னிடம்தான் பொருமினார்.

"வட்டி வாங்கற பேங்க் பார்த்திருக்கேன், குளம் வெட்டச் சொல்ற பேங்க் எந்த ஊர்லம்மா இருக்கு?"

கோப்பி

குளம் வெட்டி, குழாய் போட்டு முடிக்க ஒரு தீபாவளி தாண்டிவிட்டது. இதற்கிடையில் புதுக் கேள்வித்தாள் ஒன்று கோலாலம்பூரிலிருந்து வந்தது. ஆமாம், இல்லை இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம், அதன் கீழே எழுதுவதற்கு நாலு கோடு. வெளிநாட்டு ஆராய்ச்சியில் வந்த புதுமுறை என்று தலைமையகத்தில் சொல்லிக்கொண்டார்கள். அது லெட்சுமி அக்கா கேட்டு, லியோங் அவர் பெயரைச் சொல்லாமல் எழுதி அனுப்பிய கட்டம் என்று எனக்கும் லியோங்குக்கும்தான் தெரியும். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். மண்டோர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டே, உங்களுக்குத் தெரியாத வீடா, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். கமலா பாலர் பள்ளிச் சீருடையில் ஓடி வந்தாள், கைகளில் தழும்புகூட மங்கிப்போயிருந்தது. ராமு அண்ணன் ஆலையில் வேலைக்குப் போயிருந்தார். நான் உட்கார்ந்தேன். சோடா வரவில்லை. உள்ளே அடுப்புச் சத்தம் கேட்டது, கரண்டி கிண்ணத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. லெட்சுமி அக்கா ஒரு பீங்கான் கோப்பையில் ஆவி பறக்கக் கறுப்புக் கோப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது, நாக்கு சுட்டது, பாதியில் கண்ணீர் வந்து கோப்பையைக் கீழே வைக்கவேண்டியதாகிவிட்டது. என்னைச் சபையில் உட்காரவைத்து எத்தனையோ பேர் மரியாதை செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கோப்பிக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. அக்கா எதிரே உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுத் தண்ணிதான் டீச்சரம்மா, இப்பக் கேளுங்க உங்க கேள்விய."

அதற்கப்புறம் எத்தனையோ ஆய்வுகளும் அறிக்கைகளும் என் கை வழியாகப் போய்விட்டன, ஆனால் பேங்க் ஆராய்ச்சியில் நான் உருப்படியாகக் கற்றுத் தேறியது இவ்வளவுதான்: சோடா கொடுத்தால் விசாரி, கோப்பி கொடுத்தால் குடி.